தவளை முகம் போட்ட இசைத்தட்டு

எங்கள் முதல் இசைத்தட்டு கடைக்குப் போன சனிக்கிழமை காலையில்தான் என்னைக் குழுவை விட்டுத் தூக்கினார்கள். தூக்கியவன் வார்விக். கிட்டார் அவன், பாட்டு ராஸ், டிரம்ஸ் நான். மூன்றே பேர் உள்ள குழுவில் ஒருத்தியைத் தூக்க எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும், பாருங்கள்.

"நீ இழுக்குற நொலீன். பங்க் இசைனா பறக்க வேணாமா? உன் கையில ஆமைதான் ஓடுது. இன்னைக்கு மத்தியானம் ஹால் கச்சேரியில மட்டும் வாசிச்சிடு. அடுத்த வாரத்துலேர்ந்து டிரம்ஸுக்கு ட்ரெவர் வரான்."

"டேய், வண்டியப் பார்த்து ஓட்டு," என்றாள் ராஸ்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1978 ஜனவரி, கொளுத்தும் கோடை. கார் இருக்கை தொடையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மடியில் இசைத்தட்டுப் பெட்டி. அழுகை முட்டியது, ஆனால் அவன் முன்னால் அழுவேனா? வாரம் முழுக்க அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைக்கிற வேலை எனக்கு. உயரமான மரத்தூண்கள்மேல் நிற்கிற ராஸ் வீட்டுக்கு அடியில், அவள் அம்மா காயப்போட்ட ஈரத்துணி தலையில் சொட்டச் சொட்ட டிரம்ஸ் அடிக்கும்போது மட்டும்தான் நான் மனுஷி. அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு மிஞ்சுவது அன்னாசி மட்டும்தான்.

இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னத் தட்டு என்றால் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் சுற்றும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாங்களோ ஆசைப்பட்டு அதில் நாலு பாட்டைத் திணித்தோம். அதனால் எங்கள் தட்டை மட்டும் பெரிய தட்டு மாதிரி மெதுவாக, முப்பத்து மூன்றில் ஓட்ட வேண்டும். அதை நடுவில் அச்சடித்திருக்கலாம். ஆனால் அட்டைப்படம், அச்சு எல்லாம் வார்விக் பொறுப்பு. "எழுத்தெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலை" என்பது அவன் கொள்கை. ஒரு பக்கம் தவளையின் முகம், மறுபக்கம் தவளையின் பின்புறம். குழுவின் பெயர் இல்லை, பாட்டின் பெயர் இல்லை, வேகமும் இல்லை.

எங்கள் தட்டு போனது காலின் என்பவரின் கடைக்கு. அங்கே சனிக்கிழமை ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த தட்டை அவர் எல்லார் முன்னாலும் ஓட்டுவார். பிடிக்கவில்லை என்றால் கூட்டம் நாய் மாதிரி ஊளையிடும். ஊசியைத் தூக்கிவிடுவார். அதோடு அந்தத் தட்டின் கதை முடிந்தது.

காலின் தவளையைப் புரட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஊசியை வைத்தார். நாற்பத்தைந்தில்.

கடவுளே! ராஸின் குரல் மிளகாயைக் கடித்த குழந்தையின் குரலாக வந்தது. கிட்டார் குளவிக் கூடாகக் கிளம்பியது. அதற்கு அடியில் என் டிரம்ஸ்! பேய் பிடித்தவள் அடிப்பது போல, நிற்காமல், மூச்சு விடாமல். நானா அது? ஒருவரும் ஊளையிடவில்லை. ஒருத்தன் அலமாரிமேல் ஏறிக் குதித்தான். இன்னொருத்தி கையிலிருந்த மீட் பை என்ற கறிப் பண்டத்தைச் சாஸோடு கூரைக்கு வீசினாள்.

"காலின், அது வந்து…" என்று வார்விக் ஆரம்பித்தான். ராஸ் அவன் காலை ஏறி மிதித்தாள்.

"வாயைத் திறந்த, கொன்னுடுவேன்."

"யாருப்பா அந்த டிரம்ஸ்?" என்று காலின் கத்தினார்.

நான் கையைத் தூக்கினேன். கடையே திரும்பி என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் அவ்வளவு பொய்யான பெருமையை நான் அனுபவித்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது.

தட்டெல்லாம் விற்றுப் பெட்டி காலி. மத்தியானம் அந்தக் கூட்டம் அப்படியே ஹாலுக்கு வந்து நின்றது, அதே வேகத்தைக் கேட்க. மேடைக்குப் பின்னால் வார்விக் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"இவளால முடியாது ராஸ். மானம் போகப்போகுது."

"முடியுமா நொலீன்?" என்று ராஸ் கேட்டாள்.

"தெரியல. விழுந்தா விழறேன்," என்றேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வார்விக்கின் விரல்கள் கிட்டார் கம்பிகளில் ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போய்ச் சேர நேரமாகும். ஒரு வருடமாக நான் அவன் இடது கையையே பார்த்துக்கொண்டு, அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடித்தேன். பாவம், தனியாக விட்டுவிட வேண்டாமே என்றுதான். பழகிப்போய், நான் மெதுவானவள் என்று நானே நம்பிவிட்டேன்.

அன்றைக்கு அவன் கையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

தோள் எரிந்தது. ஒரு குச்சி முறிந்து பறந்தது, இன்னொன்றை எடுத்தேன். ஹால் தரை அதிர்ந்தது. ராஸ் பாடுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு. பாட்டு பாதியில் இருக்கும்போதுதான் கிட்டாரே கேட்கவில்லை என்று உறைத்தது. கண்ணைத் திறந்தால் வார்விக் என் பக்கம் திரும்பி நிற்கிறான், இடது கை செத்த மீனாகத் தொங்குகிறது.

"நொலீன், கை வரலடி… கொஞ்சம் எனக்காக நில்லேன்!"

நான் நிற்கவில்லை. கூட்டம் என் அடிக்கே கைதட்டிக்கொண்டு குதித்தது. ராஸ் மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கினாள்.

"இங்க யாருக்காச்சும் கிட்டார் தெரியுமா? வேகமா வாசிக்கணும்!"

பாதி ஹால் கையைத் தூக்கியது. மேடையில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி, வலிக்கிற கையை மெல்ல உயர்த்தி வார்விக்கும் நின்றான். முகத்தில் கெஞ்சல்.

"நீயா?" என்றேன். "சரி, வா. ஓடி வந்து பிடிச்சுக்கோ."