செம்புக் குழாய் எந்தப் பக்கம்

பிள்ளை பிறக்கும் முன்பு அதற்கென்று எந்தப் பொருளும் செய்யக் கூடாது. எங்கள் பக்கத்தில் தொட்டில் கம்புகூட வாங்கி வைக்க மாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், என் மகள் ராமுத்தாய்க்கு மூன்று மாதம் என்று உசிலம்பட்டியிலிருந்து ஆள் வந்து சொன்ன மறுநாளே, மாட்டுத் தொழுவத்தில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து, மரத்தில் ஒரு ரயில் இஞ்சின் செய்ய ஆரம்பித்தேன்.

அது நாற்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். நான் ரயில்வேயில் காங்மேன். தேனிக்குக் கிழக்கே நான்கு மைல் தண்டவாளம் எங்கள் ஐந்து பேரின் பொறுப்பு. போல்ட் முறுக்குவோம், தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைக்கு அடியில் கல் இடிப்போம். மதுரையிலிருந்து போடிக்குப் பாதை போட்ட நாளிலிருந்து பதினான்கு வருஷமாக அதுதான் வேலை. கழித்துப் போட்ட பழைய கட்டை ஒன்றை இழைத்து இழைத்துப் பாய்லர் ஆக்கினேன். சக்கரங்கள் வேம்பு. புகைபோக்கி கருவேலம். இரும்பு ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. பிள்ளை கையில் குத்தும். எல்லாம் மூங்கில் ஆணி. தேனியில் இஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவேன்.

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டால், முந்தின வருஷத்தைச் சொல்ல வேண்டும். அப்போதும் ராமுத்தாய் உண்டாகியிருந்தாள், ஐந்து மாதம். ஊர்த் திருவிழாவுக்கு வரச் சொல்லி மாட்டு வண்டி அனுப்பினேன். ரயிலில் திருவிழாக் கூட்டம் நெருக்கும் என்று நினைத்தேன். ஆண்டிப்பட்டிக் கணவாய் முழுக்க வண்டி குலுங்கியிருக்கிறது. வாசலில் இறங்கும்போதே சேலை ரத்தத்தில் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு என் மனைவி மூக்கம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நானும் அதிகம் பேசுகிறவன் அல்ல. ஒரு வருஷம் அப்படியே போனது.

இந்தத் தடவை ஏழாம் மாதம் அழைத்துவர ஆனி பதினான்கு என்று நாள் குறித்திருந்தோம். ரயிலில்தான் வருவாள். அந்த நான்கு மைலில் ஒரு தண்டவாள இணைப்புக்கூடத் தட்டக் கூடாதென்று தனியாகப் போய்ப் போய் முறுக்கினேன்.

ஆனி பிறந்து மூன்றாம் நாள் காலை எங்கள் மேஸ்திரி பிச்சைமணி வந்தார்.

"ஏலே ஒச்சாண்டி, முறுக்காத. போல்ட்டுச் சாவியக் கீழ வையி."

"ஏண்ணே?"

"கழட்டச் சொல்லிட்டாக."

"எதை?"

"தண்டவாளத்தை. போடியில இருந்து வரிசையா. வெள்ளக்காரன் சண்டைக்கு இரும்பு வேணுமாம். இன்னைக்கோட வண்டி கிடையாது."

கூட வேலை பார்க்கும் சின்னக்கருப்பு சிரித்தான். "மேஸ்திரி விடியுமுன்னே கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்துட்டாரு டோய்."

"சிரிலே. நல்லாச் சிரி. மொத போல்ட்டை நீதான் கழட்டப் போற."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. சாயங்கால வண்டி வந்தபோது பச்சைக் கொடியைத் தூக்கிப் பிடித்தேன். என் இஞ்சினில் ஒரே ஒரு வேலைதான் மீதி. பாய்லரின் ஒரு பக்கமாக வளைந்து போகும் செம்புக் குழாய். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு நாளாகத் தள்ளிப் போட்டிருந்தேன். அன்று அதைப் பார்க்கத் தோன்றவில்லை. டிரைவரின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனால் தொழுவத்தில் தட்டி விலகிக் கிடந்தது. மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் இஞ்சின்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

அவள் அதைத் தொடவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரயிலு நின்னு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றாக. ஏன் நின்னுச்சுன்னு இப்பத்தான் தெரியுது. தெரிஞ்சே செஞ்சிருக்கீக."

சண்டைக்காக நிறுத்தினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என் நெஞ்சுக்குள்ளும் அவள் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"எம்பிள்ளை எப்படி வரும்? மறுபடியும் மாட்டு வண்டியா?" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் எங்களைப் போடிக்கு அனுப்பினார்கள். நான் அதிர்ந்து போனது, எவ்வளவு சுலபமாகக் கழன்றது என்பதைப் பார்த்துத்தான். வருஷக்கணக்காக முறுக்கிய போல்ட் நாலு சுற்றில் கையோடு வந்தது. கழற்றியதை ஏற்றிப்போக மதுரையிலிருந்து ஏதோ ஒரு பழைய இஞ்சின் திறந்த வண்டிகளை இழுத்து வரும். அதில் ஆள் ஏறக் கூடாதென்று கண்டிப்பு. நான் அளந்த இஞ்சின் அன்றிரவே மதுரைக்குப் போனதோடு சரி, திரும்பி வரவேயில்லை.

பத்து நாளில் தேனியை நெருங்கிவிட்டோம். கிழக்கே தண்டவாளம் இன்னும் கிடந்தது. மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது பிச்சைமணியிடம் கேட்டேன்.

"அண்ணே, டிராலி வேணும்."

எங்கள் டிராலி என்பது நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பலகை. தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டே பின்னால் இருந்து தள்ள வேண்டும்.

"எதுக்கு?"

"ராமுத்தாயக் கூட்டியாரணும். உசிலம்பட்டியில இருந்து."

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார். "பெரிய இடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்டா."

"தண்டவாளமே போகப் போகுது. வேலை என்ன வேலை?" என்றான் சின்னக்கருப்பு. "போவோம் மாமா. கொடை பிடிச்சு மகாராணி கணக்கா ஒக்காத்தி வச்சுக் கொண்டாருவோம்."

பிச்சைமணி மீதிக் கஞ்சியைக் குடித்து முடித்தார். "ஞாயித்துக்கெழமை சரக்கு வண்டி வராது" என்றார் கடைசியில். அவ்வளவுதான் சொன்னார்.

குறித்த நாளில்தான் வந்தாள். பலகையில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் சமுக்காளம் விரித்து உட்கார வைத்தோம். சொன்னபடி சின்னக்கருப்பு குடை கொண்டுவந்திருந்தான். ஏற்றத்தில் மேஸ்திரி நீங்கலாக நால்வரும் தள்ளினோம். இறக்கத்தில் மற்றவர்கள் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் முன்னால் போய் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்த்து, "வா" என்பேன். கணவாயின் உச்சி தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நிறுத்துங்கலே!"

ஓடிப் போய்ச் சமுக்காளத்தைத் தொட்டுப் பார்த்தேன். என் கை நனைந்திருந்தது. அது என் வியர்வை என்று புரிய நேரமாயிற்று.

"என்னய்யா?" கண்ணைத் திறந்தாள் ராமுத்தாய். "நல்லாத் தூங்கிட்டு வாரேன். எதுக்கு எழுப்புறீக?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் மகளை இறக்கிவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். இஞ்சின் இல்லை. அடுப்படியைப் பார்த்தேன். சாம்பல் நிறைய இருந்தது. மூக்கம்மாள் எரித்துவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த வாரம் என் மகள் தூங்கிக்கொண்டு வந்த அதே தண்டவாளத்தைக் கழற்றினேன். என் வீட்டுக்கு வடக்கே இருந்ததைக் கழற்றும்போது மூக்கம்மாள் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்தவன் நிமிரவில்லை.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் தீட்டுக் கழித்த பிறகு மூக்கம்மாள் நெல் புடைக்கும் சொளகு ஒன்றை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பாய்லர், புகைபோக்கி, ஆறு சக்கரம். ஒரு துணி முடிச்சில் மூங்கில் ஆணிகள், ஒன்றுகூட உடையாமல்.

"நீங்க டிராலி கொண்டு போன அன்னைக்கே பிரிச்சு நெல்லுக் குலுக்கைக்குள்ள போட்டுட்டேன்" என்றாள். "செஞ்ச சாமானா இருந்தாத்தானே குத்தம்? கட்டையாக் கெடந்தா அது வெறுங்கட்டை. இப்பக் கூட்டுங்க."

அன்றே கூட்டினேன். எல்லாம் பொருந்தியது. செம்புக் கம்பியை வளைத்து எடுத்துக்கொண்டு, துளை போட உளியைப் பாய்லரின் மேல் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது.

குழாய் எந்தப் பக்கம்?

கண்ணை மூடிப் பார்த்தேன். புகை தெரிந்தது, சக்கரம் தெரிந்தது, டிரைவரின் முகம் தெரிந்தது. குழாய் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரிந்தது. பதினான்கு வருஷம் நாள் தவறாமல் பார்த்தவன். பிச்சைமணியைக் கேட்டேன், வலது என்றார். சின்னக்கருப்பு, "அடிச்சுச் சொல்றேன் எடது" என்றான். இரண்டு பேரும் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். போய்ப் பார்த்துச் சொல்ல ஓர் இஞ்சின் இல்லை.

உள்ளேயிருந்து மூக்கம்மாள் குரல் வந்தது. பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எடது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"போடிக்குப் போகையில நம்ம வீட்டுப் பக்கமாத்தான் இருக்கும். மாசியில சாயங்கால வெயில் பட்டு மின்னும்."

"நீ பாத்தியா?"

"தெனமும் சன்னல்ல நின்னு பாப்பேன். எம்மக இதுலதானே வரப்போறான்னு."

வாசலில் சண்டை நின்றுவிட்டது. உளி கையில் இருக்க நான் வடக்கே பார்த்தேன். கல் மேடு மட்டும் நீளமாகக் கிடந்தது, அதன் மேல் யாருடைய ஆடுகளோ நடந்து போய்க்கொண்டிருந்தன. அந்த மாசியில் அவள் சன்னலில் நின்ற நேரமெல்லாம் நான் தொழுவத்தில் தட்டிக்குப் பின்னால் இருந்தேன்.