பிஸ்கட் டப்பாவுக்குள் முப்பத்தொரு முத்திரைகள்

எனக்கு வயது எண்பத்திரண்டு. பொய் சொல்லி இனிமேல் நான் சாதிக்கப்போவது எதுவுமில்லை. ஆகவே மலைச்சரிவில் படுத்திருக்கும் என் முன்னோர்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதல்ல.

அந்தக் கோடையில் எங்கள் ஊரில் பூண்டு மண்ணுக்குள்ளேயே வெந்துவிட்டது. தோண்டி, தோலை உரித்து, பன்றி இறைச்சியோடு வைத்து அப்படியே தின்றோம். கடலோரச் சேற்றில் சிப்பிகள் வெந்து, தாமாகவே வாய் திறந்து கிடந்தன. சோயா சாஸ் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும். அடுப்புச் செலவு மிச்சம் என்று ஊரே மகிழ்ந்திருந்தபோது, என் பேத்தி நாரே அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டாள்.

அவளுக்குப் பதினாறு வயது. புகையைக் குறைப்பதாகச் சட்டம் போட்டுவிட்டு அரசாங்கம் தூங்குகிறது, எங்கள் எதிர்காலம் வேகிறது என்று பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சியோலில் மனுக் கொடுத்தார்கள். நாரேவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பாதுகாவலர் என்ற இடத்தில், எங்களுக்குக் கையெழுத்துக்குச் சமமான என் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அழுத்திக் கொடுத்தேன்.

"தாத்தா, நீங்க என் பக்கம்தானே?"

"பின்ன, புகை விடுற அந்த மின் நிலையத்துக்காரன் பக்கமா?"

எங்கள் ஊர்க் கிழடுகள் யாரும் முத்திரையைக் கையோடு வைத்துக்கொள்வதில்லை. உரத்துக்கு ஒரு தாள், ஊசிக்கு ஒரு தாள் என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் யார் நடப்பது? ஊர்த் தலைவர் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் முப்பத்தொரு பேரின் முத்திரைகள் கிடக்கும். தலைவர் எடுத்து எடுத்து அழுத்துவார். நாரேவின் மனுவில் அழுத்திய கையோடு என்னுடையதும் டப்பாவுக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஊருக்குப் பின்னால் நிற்கும் நிலக்கரி மின் நிலையத்தார், முதியோர் கூடத்துக்கு ஏசி தருகிறோம் என்றார்கள். கூடவே ஒரு தாளும் வந்தது.

"என்ன தாள் தலைவரே?" என்று கேட்டாள் மல்சுன். கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள்.

"ஏதோ ஆதரவுத் தாளாம் அக்கா. எப்பவும் வர்றதுதான்," என்றார் தலைவர்.

"ஏசி வருதுன்னா முத்திரை என்னய்யா முத்திரை, மிச்சமிருக்கிற என் மூணு பல்லையும் மையில தொட்டு அழுத்திக்கோ!"

கூடமே சிரித்தது. நான் ஓரமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தேன். தலைவர் தாளைப் படித்தாரா, படிக்காமலே அழுத்தினாரா என்பதை நான் கவனிக்கவில்லை. ஏசி மட்டும் நல்ல ஏசி. முதல் நாள் அதற்கு நேர் கீழே தூங்கியவரின் மீசையில் பனி உறைந்து, வெந்நீர் ஊற்றித்தான் வாயைத் திறக்கவைத்தோம்.

விசாரணை நாளில் நாரேவோடு நானும் சியோல் போனேன். பள்ளிச் சீருடையில் நின்று, வெந்த பூண்டையும் செத்த சிப்பிகளையும் பற்றி அவள் சொன்னாள். நீதிபதிகள் குனிந்து குனிந்து எழுதினார்கள். அவள் குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

அரசு வக்கீல் எழுந்தார். கையில் இரண்டு தாள்கள்.

"இது மனுதாரரின் ஊர்க்காரங்க எழுதிக் கொடுத்தது. 'மின் நிலையம் நீடிக்கணும். நாரேங்கிற பொண்ணு சொல்ற மாதிரி எங்க ஊர்ல வெயிலால யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.' முப்பத்தொரு முத்திரை இருக்கு. இதோ, இது மனுதாரரின் தாத்தாவோடது. மனுவுல பாதுகாவலர் இடத்துல இருக்கிறதும் இதே முத்திரைதான். இந்த ரெண்டுல எதை நம்பறது?"

நீதிபதிகளின் பேனாக்கள் நின்றுவிட்டன. நாரே வக்கீலைப் பார்க்கவில்லை. திரும்பி, பார்வையாளர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் என் காலணியைப் பார்த்தேன்.

திரும்பும் பேருந்தில் நாரே கேட்டாள்.

"தாத்தா, இன்னும் ஒரு வாரம் டைம் இருக்காம். அந்தத் தாள் செல்லாதுன்னு எழுதிக் கொடுங்க. ஒரே ஒரு வரி."

"கொடுக்கலாம்மா... தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேளுங்க தாத்தா. நல்லாக் கேளுங்க. என்ன சொன்னார்னு எனக்கும் சொல்லுங்க."

அந்த வாரம் போயிற்று. நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. தீர்ப்பில் மற்றப் பதினேழு பிள்ளைகளின் பேச்சும் மேற்கோளாக வந்தது. நாரே சொன்னதில் ஒரு வரிகூட வரவில்லை.

தீர்ப்பு வந்த அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சோறும் கிம்ச்சியும் கடற்பாசி சூப்பும் இருந்தன. எங்கள் பக்கத்தில் பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை பிள்ளைகள் காத்திருப்பார்கள். நான் சூப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நாரே தன் கரண்டியை எடுத்தாள், சாப்பிட்டாள், கிண்ணத்தைக் கழுவி வைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவு நேரமும் அந்த மேசையில் வேறு யாரும் இல்லாதது போல.

அந்த ஆண்டு எங்கள் ஊர்த் தலைவராக இருந்தவன் நான்தான்.