திருப்பிச் சொல்லும் வகுப்பு

சமாதானம் சார் என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். மத சுதந்திரம், மதங்களுக்கிடையே உரையாடல் என்று கோடை விடுமுறையில் பல நாட்டுப் பிள்ளைகளை வரவழைத்து நடத்தும் பரிமாற்றத் திட்டத்துக்கு அவர்தான் பயிற்சியாளர். உரையாடலாவது, ஒன்றாவது! வந்த நாளிலிருந்து பிரார்த்தனை அறை யாருக்கு எப்போது என்று சண்டை. சமையலறையில் யார் பாத்திரத்தை யார் எடுத்தது என்று இன்னொரு சண்டை. வருஷா வருஷம் இதே கூத்து. மனுஷருக்கு அலுத்துப் போய்விட்டது.

இருந்தாலும் அவர் கைவசம் ஒரு வித்தை இருந்தது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைப்பார். ஒருவர் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் பேசுவதற்கு முன், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச்சு. கேட்கச் சுலபம்தான். செய்து பார்த்தால் நாக்குத் தள்ளிவிடும்.

அன்றைக்கு ஒரு பையன், பிறந்த மதத்தை விட்டதால் வீட்டில் யாரும் தனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றான். எதிரே இருந்த பெண் அதை, நீ வீட்டை உதறிவிட்டு வந்துவிட்டாய் என்று திருப்பினாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, அவன் ஆமாம் என்பதற்குள் மதியமாகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய ஒரே மகள் மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சே கிடையாது. இந்தச் சங்கதி வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

சாயங்காலம் தொண்டை கட்டி, கால் கடுக்க மாடியேறி வந்து வீட்டுக் கதவைத் திறந்தால், கூடத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. பக்கத்தில் அவள் அம்மா. அவர் கண்டுகொள்ளாமல் உள்ளே போகப் பார்த்தார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள் மகள். "பிரசவம் சிக்கலா இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அம்மா என்கூட வந்து இருக்கணும். அவ்வளவுதான்."

அவர் வாயைத் திறந்தார். அவள் கல்யாணத்தின்போதே வேண்டாமென்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டது, சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகள், தலைகுனிந்து நின்றது எல்லாம் வரிசை கட்டி வந்தன. மனைவி விடவில்லை.

"மொதல்ல அவ சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க. ஊர்ப் பிள்ளைங்களுக்கு அதத்தானே சொல்லிக் குடுக்குறீங்க?"

இதென்ன வம்பு என்று அவருக்கு எரிச்சல். அவருக்குத் தெரியாத வித்தையா?

"தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு கேக்க வந்திருக்கா," என்றார்.

"நான் அப்படிச் சொல்லலப்பா."

புருஷன் வீட்டில் யாரும் சரியாகக் கவனிப்பதில்லை, அதைத்தான் சொல்கிறாள் என்று மாற்றிப் பார்த்தார். அதையும் சொல்லவில்லை என்றாள். போய்ச் சேர்ந்த மதம் கைகொடுக்கவில்லை என்று இப்போதாவது புரிந்ததா என்றார். அதற்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள் மதியத்துக்குள் செய்ததை அவரால் செய்ய முடியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இன்றைக்குத் தெம்பில்லை என்றார்.

மனைவி மகள் பக்கம் திரும்பினாள். "உனக்குப் பயமா இருக்கு. நான் கூட இருக்கணும். அதான?"

"ஆமாம்மா," என்று சொல்லும்போதே மகள் விம்மிவிட்டாள்.

இத்தனை காலம் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நடந்த மனைவி, இன்றைக்குப் பார்க்கவில்லை. எழுந்து போய், துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே," என்றார் அவர்.

"தெரியும்ங்க. நீங்க சொல்ற வரைக்கும் இவ வயித்துப் பிள்ளை காத்திருக்காது."

வாசலில் மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பயப்படாதே என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. சொல்லலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்கள்.