ஏழாவது துளையின் பத்து அடி

கேளுங்க கண்ணுகளா, அந்த மேஸ்திரி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் அவனைத் திட்டும்போது ஞாபகம் இருக்கட்டும்.

மலைமேல் நீர்த்தேக்கம் கட்டலாமா என்று பார்க்க முகட்டில் ஒன்பது துளை போட்டார்கள். குழாய்க்குள் உருளை உருளையாக வரும் கல்லை வரிசை கலையாமல் பெட்டியில் அடுக்க வேண்டும். கல் வராத ஆழத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, 'இத்தனை அடி வரவில்லை' என்று எழுத வேண்டும். துளை போட்ட நம் மேஸ்திரியின் பெட்டியில் மரக்கட்டையே இருக்காது. அப்படிப் பதமான கை. 'முழுக்கல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ஏழாவது துளையில் பத்து அடிக்கு வெறும் சேறுதான் வந்தது. அவசரப்பட்டு அழுத்தி நல்ல கல்லை அரைத்துவிட்டோம் என்று நினைத்தான். மானம் போகிற மாதிரி இருந்தது. ஆறாவது துளையை வேண்டிய ஆழத்துக்கும் அதிகமாகவே போட்டிருந்தான். அங்கே மிஞ்சிய கல்லை எடுத்து இங்கே அடுக்கிவிட்டான்.

அறிக்கை வந்தது. பாறை உறுதி, ஊற்றுகளுக்குப் பாதிப்பில்லை, அடிவாரத்து முப்பது வீடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அந்த முப்பதில் ஒன்று அவன் மகள் வீடு. பார்க்கப் போனவனிடம் அவள் துணி அலசிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க மேலே துளை போட்டப்போ நம்ம கொல்லை ஊத்து ரெண்டு நாள் சாம்பல் கரைச்ச மாதிரி வந்துச்சுப்பா."

"எப்போ?"

"பாப்பாவுக்கு முதல் பல் விழுந்துச்சே, போன்லகூடச் சொன்னேனே, அப்பதான்."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் போன் வந்தபோது ஏழாவது துளையில் நின்றிருந்தான். உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பவே இல்லை. பம்பு சரியில்லை என்று அன்றைக்கு அதைத் திட்டினான். ஆக, அவன் எதையும் அரைக்கவில்லை. அங்கே கல்லே இல்லை, பொந்துதான். ஒரு குழாய்த் தண்ணீரே மலைக்குள் புகுந்து இங்கே வந்ததென்றால், ஒரு தேக்கமே மேலே நின்றால் இந்த வீடுகள் என்னாகும்?

கல்லைப் பார்த்துப் பதிவு செய்த ஜியாலஜிஸ்ட் அம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"என்ன மேஸ்திரி, இத்தனை நாள் வாயைத் திறக்கல. வேற இடத்துல புது வீடு குடுப்பாங்கன்னு மக சொல்லி அனுப்பினாளா?"

"பெட்டியைத் திறங்கம்மா. திட்டுறதை அப்புறமா சேர்த்துத் திட்டுங்க."

கிடங்கில் அவள் ஏழாவது துளையின் பெட்டியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு துண்டுகளின் முனைகளைப் பொருத்திப் பார்த்தாள். சேரவில்லை. அடுத்ததும் சேரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க பெட்டின்னா நான் பொருத்திப் பார்க்கிறதே இல்ல மேஸ்திரி."

மறுநாள் பெரிய இன்ஜினியரைப் பார்த்துவிட்டு வந்தாள். "லாரியில குலுங்கி இடம் மாறியிருக்குமாம். மறுபடி துளை போட மாட்டாங்களாம். எழுதிக் குடுத்தேன், வாங்கி டிராயர்ல போட்டுட்டார்."

மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். "இந்த வீடு வேண்டாம்மா. பாப்பாவோட என்கிட்ட வந்துடு."

அவள் அழவில்லை. "நான் வந்துடுவேன். 'எங்கப்பா போட்ட துளை, பயப்படாதீங்க'ன்னு இருபத்தொம்பது வீட்டுக்கும் சொல்லிட்டு வந்தேனேப்பா. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

படியிறங்கிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். புதுச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவன் விஷயத்தைக் கேட்டும் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. "மகளைப் பார்க்க வந்த முகமா இல்லையேன்னு அப்பவே நினைச்சேன். போங்க மாமா, வெயில்ல சுத்தாதீங்க." நாலாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒன்பதாவது வீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரி மட்டும் கடைசிவரை கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"எப்போ தண்ணி நிரப்புவாங்க?"

"கட்டி முடிக்கவே மூணு வருஷம் ஆகும் தாயி."

"அட, மூணு வருஷமா!" அவள் பெருமூச்சு விட்டுக் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அதுக்குள்ள என்னென்னவோ நடக்கும். அப்போ பார்த்துக்கலாம்."

கதவைச் சாத்தினாள்.