ஹேல்பெக்கில் நட்சத்திரம் விழுந்த வருடங்கள்

"மாடி ரூம் தரை இறங்குது," என்றாள் லியான். "நட்சத்திரம் தாங்கல. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா தொப்பை மாதிரி தொங்குது."

"இறங்கட்டும் விடு. தெருவுல வேற எந்த வீட்டுல இறங்குது? நம்ம பொண்ணு படிக்கிற பாரத்துல இறங்குது."

"தலையில விழுந்தாலும் இதையே சொல்லுவியா?"

"ஆஸ்பத்திரியில கேட்டா சொல்லுவேன். படிப்பு அடிச்சிடுச்சு டாக்டர்னு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே பேசிய இந்தப் பேச்சைக் கிரெய்க் ஆஷ்வர்த் பின்னாளில் பலமுறை நினைத்துக்கொண்டான். மனதில் வேறு எதுவும் கலக்காமல் அவன் பெருமைப்பட்ட கடைசி நாள் அதுதான்.

ஹேல்பெக்கில் முதல் நட்சத்திரம் விழுந்தது அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்கு. பெருந்தொற்றில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஊர்த் தொடக்கப் பள்ளி 'வாசிப்புப் பூங்கா' என்ற இணையத் திட்டத்தை வாங்கியிருந்தது. கதவுகள் திறந்த பிறகும் அதை விடவில்லை. ஒரு கேள்விக்குச் சரியான விடை தந்தால் திரையில் ஒரு தங்க நட்சத்திரம் சுழன்று மறையும். அந்தச் செவ்வாய்க்கிழமை அது மறைவதற்குப் பதிலாகத் திரையை விட்டு வெளியே வந்து, கசாப்புக் கடைக்காரர் வீட்டுப் பையனின் தட்டில் பீன்ஸுக்கு நடுவே விழுந்தது. உள்ளங்கை அகலம், நாற்பது கிராம் எடை, லேசான சூடு. பையன் அதைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு பீன்ஸைச் சாப்பிட்டு முடித்தான். ஆறு மணிக்குள் ஊரில் முன்னூற்றுப் பன்னிரண்டு விழுந்திருந்தன. மிதித்தால் ஒவ்வொன்றும் உற்சாகமான பெண் குரலில், 'அருமை! தொடர்ந்து முயற்சி செய்!' என்று சொல்லும் என்பதை மறுநாள் விடியற்காலையில் செருப்பில்லாமல் குளியலறைக்குப் போனவர்கள் கண்டுபிடித்தார்கள்.

எப்படி விழுகிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எந்தக் குப்பைத் தொட்டியில் போடுவது என்றுதான் கேட்டார்கள். நகராட்சி மூன்று முறை கூடியது. காகிதத்துக்கான நீலத் தொட்டியில் போடக் கூடாது, தோட்டக் குப்பைக்கான பழுப்புத் தொட்டியில் போடக் கூடாது, கண்ணாடியோடு கலக்கவே கூடாது என்று முடிவாகி, வீட்டுக்கு வீடு மஞ்சள் மூடி போட்ட நாலாவது தொட்டி வந்தது. திட்டத்தை விற்ற நிறுவனத்துக்குக் கடிதம் போனது. நட்சத்திரம் இலவசமாகத் தரப்படுவதால் அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. ஆனாலும் குழந்தைகளின் பாதுகாப்பை முன்னிட்டு அடுத்த மாதத்திலிருந்து முனைகள் மழுங்கிய நட்சத்திரங்கள் விழுந்தன. தொட்டியில் கொள்ளாததைச் சேர்த்துவைக்க இடம் வேண்டும் என்று ஊர் நூலகத்தைக் கேட்டார்கள். அலமாரிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து கொடுத்தது நூலகம். அதே நூலகத்தில் மூலையில் உட்கார்ந்து தடித்தடியான புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு நட்சத்திரம்கூட இல்லை என்பது தெரியவர, அவனுடைய பெற்றோரைத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கனிவாக விசாரித்தார்.

கிரெய்க் நகராட்சிக் குப்பை லாரியில் பின்னால் தொங்கிக்கொண்டு போகும் வேலையில் பதினான்கு வருடமாக இருந்தான். நட்சத்திரத்துக்கென்று வியாழக்கிழமை ஒதுக்கப்பட்டது. லாரியின் நசுக்கும் இயந்திரம் இறங்கும்போது ஆயிரக்கணக்கான குரல்கள் ஒன்றாக 'அருமை!' என்று கத்தும். முதல் வாரம் நாய்கள் குரைத்தன, பிறகு பழகிக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமும் ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டறியாத கிரெய்க், இப்போது வாரம் ஒருமுறை காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அதைக் கேட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். அது தனக்கில்லை என்று தெரிந்தும் வியாழக்கிழமைகளில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தான்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை எழுதுவான், தொட்டிகளை நிறம் பார்த்துப் பிரிப்பான், தெருக்களை வீட்டுக் கதவுகளை வைத்து அடையாளம் சொல்வான். ஓட்டுநர் ஆகிவிடேன் என்று மேஸ்திரி வருடாவருடம் கேட்டார். எழுத்துத் தேர்வு இருக்கிறது என்பதால், தனக்கு வெளிக்காற்றுதான் ஒத்துக்கொள்ளும் என்று வருடாவருடம் பதில் சொன்னான். கடுதாசி எதையாவது யாராவது நீட்டினால் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொல்வான். அவனிடம் மூக்குக் கண்ணாடியே கிடையாது. கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் லியானிடம் இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் துணி துவைக்கும் இயந்திரத்தையோ தோட்டத்துக் கதவையோ பழுதுபார்ப்பான். அதனால் ஆஷ்வர்த் வீட்டில் எந்தச் சாமானும் ஓடாமல் கிடந்ததில்லை.

லியானுக்கு முதியோர் இல்லத்தில் மாலை ஷிப்ட். ஆகவே சாயங்காலப் படிப்பு கிரெய்க்கின் பொறுப்பானது. 'வாசிப்புப் பூங்கா'வின் விதி எளிமையானது. பிள்ளை திரையிலுள்ள கதையைப் பெரியவர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். பெரியவர் 'நான் கேட்டேன்' என்ற பச்சை டிக்கைத் தொட வேண்டும். பிறகு இருபது படக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம். மகள் மார்னிக்கு அப்போது ஆறு வயது. சோபாவில் அவன் மேல் சாய்ந்துகொண்டு, விரலைத் திரையில் ஓட்டிப் படிப்பாள். நகராட்சி அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போன வாத்து, பேருந்து ஓட்டிய நரி, விடுமுறை கேட்டு அழுத நிலா என்று ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு கதை. இந்தக் காலத்துப் பிள்ளைப் புத்தகங்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று கிரெய்க் வியந்தான். தனக்கு இப்படிப்பட்ட புத்தகங்கள் வாய்த்திருந்தால் தானும் கற்றிருப்பான் என்றுகூடத் தோன்றியது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டான், சிரித்தான், சில இடங்களை இரண்டாம் முறை படிக்கச் சொன்னான். அப்படிச் சொன்னால் வாத்து வேறு விதமாகப் பேசியது. அவன் அதைக் கவனித்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு இருபதுக்குப் பச்சை டிக்கைத் தொடுவான்.

மார்னிக்கும் படிக்கத் தெரியாது. படக் கேள்விகளில் தப்பான படத்தைத் தொட்டால் அது தலையை ஆட்டும், அவ்வளவுதான் என்பதையும், மிச்சமிருப்பதைத் தொட்டுக்கொண்டே போனால் சரியானது வந்து நட்சத்திரம் விழுந்துவிடும் என்பதையும் இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். எழுத்துகள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, படங்கள் மட்டும் பேசின. படத்தில் வாத்து இருந்தால் வாத்துக் கதை சொன்னாள். அப்பா தப்பு என்று சொல்லவில்லை. ஆகவே படிப்பது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. ஏழாவது வயதில் மார்னியின் நட்சத்திரங்கள் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஊரிலேயே அதிகம். மாடித் தரைக்குக் கீழே இரும்புத் தூண் நிறுத்தப்பட்டது. தலைமை ஆசிரியை திருமதி பிக்கர்ஸ்டாஃப், எதைக் கண்டாலும் பிளாஸ்டிக் உறை ஒட்டிச் சுவரில் மாட்டிவிடுபவர். அவருடைய பள்ளியில் வெகுநேரம் அசையாமல் நிற்பது நல்லதல்ல என்று பேச்சு இருந்தது. அவர் மார்னியின் புகைப்படத்துக்கு உறை போட்டு வாசலில் மாட்டினார். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மேயர் வந்து சான்றிதழ் கொடுப்பார் என்றும், மார்னி மேடையில் ஒரு பக்கம் படித்துக் காட்டுவாள் என்றும் அறிவித்தார். கிரெய்க்கும் லியானும் விடுப்புப் போட்டு, மண்டபத்தில் ஆறு வயதுக்காரர்களுக்கான நாற்காலிகளில், முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தார்கள்.

பெரிய திரையில் பக்கம் தெரிந்தது. மழையில் நிற்கும் ஒரு வாத்து, ஒரு சிவப்புப் படகு, கீழே இரண்டே வரி. வாத்து நனைந்தது, வாத்துக்கு மகிழ்ச்சி என்று அந்த இரண்டு வரிகளில் இருந்தது. மார்னி தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான நாளில் மழையை எடுத்துப் போக ஆள் வரவில்லை என்று நகராட்சிக்குப் புகார் கொடுக்கப் போன வாத்தைப் பற்றிப் படித்தாள். எழுத்தர் படிவம் கொடுத்தார். வாத்து படிவத்தைத் தின்றது. இன்னொரு படிவம் கொடுத்தார், அதையும் தின்றது. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு திரையைப் பார்த்தார்கள், பிறகு மார்னியைப் பார்த்தார்கள், மண்டபம் வரிசை வரிசையாக அமைதியானது. கிரெய்க்குக்கு அது பிடித்த கதை. அடுத்து வரப்போவது தெரிந்ததால் உதடுகள் கூடவே அசைந்தன. கதை முடிந்ததும் கைதட்டினான். தான் ஒருவன் மட்டும் தட்டுவதை ஏழெட்டுத் தட்டலுக்குப் பிறகுதான் உணர்ந்தான்.

திருமதி பிக்கர்ஸ்டாஃப் நிலைகுலையவில்லை. தகவல் அறிக்கையின்படி மார்னி எதிர்பார்த்த நிலைக்கு இரண்டு படி மேலே இருக்கிறாள், அறிக்கை பொய் சொல்லாது என்றார். மேயர் சான்றிதழைக் கொடுத்து, குழந்தையின் சொல்வளத்தைப் பாராட்டினார். அவருக்குப் பக்கத்திலிருந்த கணினியிலிருந்து இரண்டு நட்சத்திரங்கள் விழுந்தன. தேநீரும் கேக்கும் தந்த மேசைக்கருகே ஆண்கள் ஒவ்வொருவராக வந்து கிரெய்க்கின் தோளைத் தட்டினார்கள். கசாப்புக் கடைக்காரர் காதருகே குனிந்தார். "மனசுல வச்சுக்காதப்பா. நான்கூட ஃபுட்பால் பாத்துக்கிட்டேதான் டிக் போடுறேன். எவன் உக்காந்து கேக்கிறான்?"

அப்போதுதான் கிரெய்க்குக்கு நடந்தது புரிந்தது. வரிகளில் வேறு ஏதோ இருந்திருக்கிறது. அவன் கேட்காமலே டிக் போட்டவன் என்று ஊர் நினைக்கிறது. ஊர் முழுக்கச் செய்யும் தப்பு அது. ஊர் முழுக்க மன்னிக்கத் தயாராகவும் இருந்தது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும், முப்பது வருட ரகசியம் பத்திரமாக இருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது மார்னி சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனாள். பக்கத்து வகுப்புப் பெண் ஒருத்தி அவளிடம் என்னவோ சொல்லியிருந்தாள். சமையலறைக்குள் வந்து கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"நீ கேக்கவே இல்லையாப்பா?"

"எதை?"

"என் கதையெல்லாம். கேட்டிருந்தா தப்புன்னு சொல்லியிருப்பியாமே. யாரோட அப்பாவும் கேக்கறதில்லையாம். சும்மா டிக் போடுவாங்களாம். நீயும் சும்மாதான் போட்டியா?"

கிரெய்க் தோட்டத்துக் கதவைப் பார்த்தான். அது நன்றாகவே மூடியிருந்தது. துணி துவைக்கும் இயந்திரமும் சரியாகத்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொன்னால் இந்தப் பிள்ளை இனி யாருக்கும் வாத்துக் கதை சொல்லாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. முகங்களைப் படிக்க அவனுக்கு எப்போதுமே தெரியும்.

"ஒண்ணு விடாம கேட்டேன் கண்ணு," என்றான். "நிலா லீவு கேட்டு அழுதுச்சுல்ல, அன்னிக்கு நான் தூங்கவே இல்ல. தப்புன்னு எப்படிச் சொல்லுவேன்? அங்க என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதே. எனக்குப் படிக்கத் தெரியாது."

மார்னி இதை யோசித்தாள். "எனக்கும் தெரியாது," என்றாள். பிறகு கோட்டைக் கழற்றி, மேசையில் உட்கார்ந்து, பால் வேண்டும் என்றாள்.

லியான் பாலை எடுக்காமல் குளிர்பெட்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பத் துணியவில்லை.

"எனக்குத் தெரியும் கிரெய்க்," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ஹோட்டல்ல நான் எதுக்கு மெனுவைச் சத்தமா படிப்பேன்னு நெனச்ச?"

"உனக்கு அது பழக்கம்னு நெனச்சேன்."

"எங்க அம்மா கூட அப்படித்தான் நெனச்சாங்க. வயசான பொம்பள மாதிரி முணுமுணுக்காதடின்னு திட்டுவாங்க." அவள் நாற்காலியை இழுத்து, அதில் கிடந்த நட்சத்திரங்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அவை தரையில் விழுந்து ஒவ்வொன்றாகப் பாராட்டின. "ஆறு இருபதுக்கு டீ பிரேக்ல போனைப் பாப்பேன். டிக் வந்திருக்கும். தினமும். ஒரு நாள்கூடத் தவறாம. பொண்ணோட சேந்து உக்காந்து நீயும் கத்துக்கிட்டேன்னு நெனச்சேன். எங்கிட்ட சொல்லிக்க வெக்கமா இருக்கும், அதனால சொல்லலைன்னு நெனச்சேன். அங்க கிழவிங்களுக்கு எல்லாம் சொல்லி வச்சிருக்கேன், என் புருஷன் இப்ப படிக்கிறான்னு."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேட்டா நீ எழுந்து போய் எதையாவது ரிப்பேர் பண்ணுவ. நீயா கேப்பேன்னு இருந்தேன்."

மேசையில் கிடந்த பலகைக் கணினி, விழா நாளுக்கான சிறப்புப் பரிசு என்று ஒரு நட்சத்திரத்தை அவனுடைய தேநீர்க் கோப்பைக்குள் தள்ளியது. தேநீர் சிந்தியது. மார்னி கரண்டியால் அதை எடுத்து, ஜன்னலோரம் மற்றவற்றோடு காயவைத்தாள். ஹேல்பெக்கில் இதற்கெல்லாம் இப்போது யாரும் தலையைத் திருப்புவதில்லை. கிரெய்க் ஈரமான மேசையைக் கையால் துடைத்தான், கையைக் கால்சட்டையில் துடைத்தான். எழுந்திருக்கவில்லை.

"நாளையிலருந்து நீ அவளுக்குச் சொல்லிக் குடுப்பல்ல," என்றான். "எனக்கும் சேத்து சொல்லிக் குடு லியான். முதல் எழுத்துலருந்து."