லாரிக்கு வைத்த பொட்டு

சசிகலா ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் அரைகுறையாக விடுகிற ஆள் கிடையாது. ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. தையலில் ஒரு நூல் விலகியிருந்தாலும் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் தலை தெரிந்தாலே லைனில் பேச்சு நின்றுபோகும். அந்தக் கண்தான் அவளை இந்த வம்பிலும் மாட்டிவிட்டது.

கம்பெனிச் சுவரில் புதிதாக ஒரு பாதுகாப்புப் போஸ்டர் ஒட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரு பெண்ணின் படம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் சசிகலா டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். கட்டைவிரல் விறைத்து நிற்கிற அந்தப் பிடி, பள்ளிக்கூட நாளில் அவள் கரைத்துக் குடித்த 'லாரி வேல்விழி' சித்திரக்கதையின் பிடி. விசாரித்ததில் ஆள் கிடைத்துவிட்டார். ஓவியர் ஜீவானந்தம் காஞ்சிபுரத்தில் இருந்தார், கம்பெனிகளுக்குப் போஸ்டர் வரைந்து சௌக்கியமாகவே இருந்தார். வேல்விழியின் அசல் பக்கங்கள் மட்டும் அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

அதில் வேல்விழியின் லாரி பெரிதாக நிற்கிற ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அச்சில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு பெரியது. கறுப்பு மைக்கு அடியில் பென்சில் கோடு, பிசகிய இடத்தில் பூசிய வெள்ளைப் பெயின்ட், தனியாக எழுதி ஒட்டிய வசனத் துண்டுகள் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தன. புத்தகம் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். இது உலகத்திலேயே ஒன்றுதான், அது பிள்ளைப்பாக்கத்தில் தன் வீட்டில் இருக்கிறது என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புருஷன் கோபிநாத்துக்கு முதலில் எதுவுமே புரியவில்லை. அவன் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினால், வருகிறவர்கள் யார் தவறிப்போனது என்று கேட்பார்களே என்றான். ஆனாலும் வெயில் விழாத சுவராகப் பார்த்து, சமையல் ஆவி எட்டாத இடமாகப் பார்த்து, கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில் இடைவெளி விட்டு ஃபிரேம் செய்து கொடுத்தது அவன்தான். போகப் போக, ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது லாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். ஆக்சில் சரியாகத்தான் போட்டிருக்கிறார் என்று ஒருநாள் சர்டிபிகேட் வேறு கொடுத்தான்.

சசிகலாவின் கண் அதற்குள் அடுத்ததற்குத் தாவிவிட்டது. வெள்ளம் புரளும் பாலாற்றுப் பாலத்தில் வேல்விழி லாரியைப் பாய்ச்சுகிற காட்சி, இரண்டு பக்க அகலத்துக்கு ஒரே படம். அதைப் பெங்களூர்க்காரர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் கொடுத்ததை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று வந்து பார்க்கிறேன், அப்புறம்தான் யாருக்கு என்று சொல்வேன் என்றார் ஜீவானந்தம். விஜயதசமியன்று படத்தோடு வருவதாக ஏற்பாடு. வந்து பார்க்கட்டுமே, நமக்கென்ன பயம் என்று சசிகலா தெம்பாக இருந்தாள்.

அதற்கு முந்தின நாள், ஆயுத பூஜை. காலையிலேயே ஃபிரேமைப் பிரித்தாள். பின்னால் கொடுத்திருந்த சாதா அட்டை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும் என்று படித்து, அமிலம் கலக்காத அட்டை வாங்கி வைத்திருந்தாள். வீட்டில் சுத்தமாகத் துடைத்துக் காலியாக இருந்த ஒரே மேசையில் பக்கத்தை வைத்துவிட்டு, அட்டையை அளவாக வெட்ட மாடிக்குப் போனாள். மேசை பூஜைக்காகத் துடைக்கப்பட்டது என்பது அந்த அவசரத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை.

கோபிநாத், கம்பெனியில் கம்ப்ரஸர் முதல் கன்வேயர் வரை ஒன்று விடாமல் பொட்டு வைத்துவிட்டு வந்தவன். வீட்டிலும் அதே வேகத்தில் ஸ்பேனர், டிரில்லிங் மெஷின், பைக், மிக்ஸி என்று வரிசையாக வந்தான். மேசையில் ஒரு லாரி இருந்தது. சசிதான் பூஜைக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். வண்டி என்றால் வண்டிதானே. சந்தனத்தைக் குழைத்து லாரியின் நெற்றியில் கச்சிதமாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தான்.

இறங்கி வந்து பார்த்த சசிகலா வெட்டிய அட்டையைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கு ஓடினாள்.

"இன்னாங்க இது?"

"நீதான பூஜைல வச்சுட்டுப் போன? வண்டிய மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் உட்கார்ந்து அழுதுவிட்டாள். விஷயம் விளங்கியதும் கோபிநாத்துக்கு முகம் செத்துவிட்டது. எந்தக் கறையையும் எடுக்கும் என்று கம்பெனி கிளீனர் ஒன்றைக் கொண்டு ஓடிவந்தான். அது மையையும் சேர்த்து எடுத்துவிடும் என்று பாட்டிலைப் பிடுங்கி வைத்தாள். பொட்டைக் காயவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் உதிர்கிறதை மட்டும் உதிர்த்தாள். மஞ்சளும் சிவப்புமாகத் தடம் நின்றுவிட்டது. படம் ஃபிரேம் கடையில் இருக்கிறது என்று ஜீவானந்தத்திடம் சொல்லிவிடலாமா என்று கேட்டான். பழுதை மறைத்து அனுப்புகிறவனை லைனில் அவள் எப்படித் திட்டுவாள் என்பது அவனுக்கே தெரியும். புது அட்டை கொடுத்து, பழைய இடத்திலேயே மாட்டினாள்.

மறுநாள் ஜீவானந்தம் வந்தார். கையில் பெரிய அட்டைப் பை. நேராகச் சுவருக்குப் போய் நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சசிகலா சொல்லிவிட்டாள். கோபிநாத் நான்தான் சார் என்று முன்னால் வந்து நின்றான்.

அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வரைந்ததை நிஜ வண்டி என்று மதித்துப் பொட்டு வைத்தவனை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். குஷி தாங்காமல் பையைத் திறந்து பாலாற்றுப் படத்தை மேசையில் விரித்தார். அச்சில் பார்த்தபோது தெரியாத ஒவ்வொரு நீர்த்துளியும் இதில் தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்கச் சசிகலாவால் முடியவில்லை.

"தம்பி, சந்தனம் மீதி இருக்குதா? இந்த வண்டிக்கும் ஒண்ணு வச்சுடு" என்றார்.

கோபிநாத் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேவிட்டான். சசிகலா நடுவில் வந்து நின்றாள். மனுஷர் மனம் கோணினால் படம் பெங்களூருக்குப் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றாள்.

"வேணாம் சார்."

"வரைஞ்ச நானே சொல்றேன்மா."

"வரைஞ்சது நீங்க சார், இல்லன்னு சொல்லல. ஆனா இது என் வூட்டுக்கு வந்துச்சின்னா பாத்துக்கப் போறது நானு. அப்புறம் இது மேல ஒரு தூசி படக்கூடாது. நீங்க சொன்னாலும் படக்கூடாது."

ஜீவானந்தம் படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து மூடினார். படம் பெங்களூருக்குத்தான் என்று நினைத்தாள் சசிகலா, ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ள வாய் வரவில்லை. அவர் அட்டைகளை இரண்டு கையாலும் தூக்கி அவள் முன்னால் நீட்டினார்.

"பெங்களூராரு கேட்டா குடுத்துட்டேன்னு சொல்லிக்கிறேன். புடி."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் சசிகலா.

உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சுத்தமான துண்டில் ஈரம் போகத் துடைத்தாள். அதுவரைக்கும் ஜீவானந்தம் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.