ஒன்பது நாள் கூர்

அவரிடம் மூன்று சாணைக்கற்கள் இருந்தன. பக்கவாட்டில் நானூறு, ஆயிரம், ஆறாயிரம் என்று எண் அச்சடித்திருந்தது. எண் ஏற ஏறக் கல் மென்மையாகும். முதல் கல் கையில் மணலாக நெருடும். கடைசிக் கல் நனைந்த சோப்புபோல வழுக்கும். தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு அது. மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு மைக்ரான் என்று பெயர். "இனிமே கத்தியைப் போட்டு வாட்டுங்க சார், எங்களை விட்டுடுங்க" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒற்றை ஆளுக்கு ஒரு வெங்காயம், பாதி கேரட். அதை நறுக்கி எந்தக் கத்தியும் மழுங்கப்போவதில்லை. மழுங்காத கத்தியை வைத்துக்கொண்டு மூன்று கற்களை எப்படி ஒப்பிடுவது? ஒரு நாள் காலை, மாடி வீட்டு நர்ஸைப் படிக்கட்டில் வழிமறித்து, வீட்டில் மொட்டைக் கத்தி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"காலங்காத்தால ஒரு பொம்பளையை மறிச்சுக் கத்தி இருக்கான்னு கேக்குறீங்களே சார்," என்றாள் அவள். "வேற யாராவதா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பாங்க."

அவள் வீட்டில் ஏழு பேர். கத்திக்கு ஓய்வே கிடையாது. அன்று சாயங்காலமே கொண்டுவந்தாள். அவர் தேய்த்து முடிக்கும்வரை கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாமியாரின் முழங்காலைப் பற்றியும், வார்டில் நின்றுகொண்டே தூங்கும் டாக்டரைப் பற்றியும் பேசினாள். அவர் அதிகம் பேசுகிறவரில்லை. அவளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பேச்சு நின்றால் கல்லின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மௌனத்தில் ஓர் ஆள் இருந்தது. அவள் மாடியேறிய பிறகு வரும் மௌனம் வேறு மாதிரி.

பழக்கதோஷம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார். மூன்று கற்களிலும் வரிசையாகத் தேய்த்த கத்தி நாற்பத்தொரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஆயிரத்தோடு நிறுத்தியது, இருபத்து மூன்று நாள். நானூற்றில் மட்டும் தேய்த்து, விளிம்பில் எழும் பிசிறை எடுக்காமல் விட்டது, ஒன்பதே நாள். பிசிறோடு இருக்கும் கத்தி முதல் இரண்டு நாள் அபாரமாக வெட்டும். பிறகு பிசிறு மடங்கிவிடும், கூரும் போய்விடும்.

ஆக, முடிவு தெரிந்துவிட்டது. நாற்பத்தொன்றுக்குக் கீழே அடிக்கோடும் போட்டார். அடுத்த முறை அவள் வந்தபோது அவர் கை நானூற்றை எடுத்தது.

கைதான் எடுத்தது என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்கடுத்த முறை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. மேலே அவள் காய் நறுக்குவது அவர் சமையலறைக்குக் கேட்கும். கூரான கத்தி பலகையைத் தொட்டுவிட்டுப் போகும், மழுங்கியது மோதும். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் அந்த மோதல் கேட்டால் அவர் சட்டை மாற்றிக்கொண்டு கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவார்.

"உங்க கல்லும் சரியில்ல, என் கத்தியும் சரியில்ல. நல்ல ஜோடி சார் ரெண்டும்," என்பாள் வரும்போதே. அவர் தலையாட்டுவார்.

ஒரு நாள் இடது கையில் கட்டோடு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கேரட்டு சார். கத்தி வழுக்கி விரல்ல இறங்கிடுச்சு. மூணு தையல். இத்தனை வருஷம் நான் எல்லாரையும் ஊசியால குத்தினதுக்கு எங்க ஆஸ்பத்திரி ஆளுங்க சேர்த்து வச்சுக் குத்திட்டாங்க." அவளே சிரித்தாள். "அவ்வளவு அழுத்தியிருக்கக் கூடாது. நீங்க தீட்டின கத்திதானே, எப்படியும் வெட்டிடும்னு நம்பி அழுத்திட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டின் ஓரத்தில் மஞ்சளாக மருந்து கசிந்திருந்தது.

"பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடவா சார்?"

"கத்தி நல்ல கத்திம்மா," என்றார். "வேலைதான் சரியில்ல."

மூன்று கற்களையும் எடுத்து ஊறவைத்து வரிசையாக வைத்தார்.

"இன்னைக்கு என்ன, மறுபடி மூணு?"

"மூணுலயும் தேய்ச்சாதான் நிக்கும்."

"நாலு மாசமா ஒண்ணுலதானே தேய்ச்சீங்க?"

"ஆமா."

"ஏன் சார்?"

அவர் கல்லின்மேல் தண்ணீர் தெளித்தார். கத்தி போய்வந்தது. முதல் கல்லில் கரகரவென்று, இரண்டாவதில் தணிந்து, மூன்றாவதில் மூச்சுபோல. அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. மாமியாரைப் பற்றியும் அன்று பேசவில்லை.

பிசிறு போய்விட்டதா என்று விரல் நுனியால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை அவளிடம் நீட்டினார்.

"இது எத்தனை நாள் தாங்கும்?"

"நாப்பது. நாப்பத்தொண்ணு."

"அம்மாடி," என்றாள் மெதுவாக. கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டாள். "வரேன் சார்." எல்லோரும் சொல்லிவிட்டுப் போவதுதான்.

பத்தாம் நாள் காலையில் அவர் சட்டை மாற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தினார். மேலே கத்தி பலகையைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்திலும் மோதவில்லை. கூர்ந்து கேட்டார். திருப்பி அனுப்புவதற்கு ஒரு குறையும் அதில் இல்லை.

சத்தம் நின்றது. பிறகு எழுந்து, சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினார்.